கடைசி பஸ்ஸுக்கு மணி அடிக்காதவர்

ஜூன் 4

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பேசினால் நீங்கள் வேண்டாத கேள்விக்கெல்லாம் "கேக்கல, கேக்கல" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். அத்தையை மிகவும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வானொலி நிலையத்தில் என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் வருகிற பழைய பாட்டு வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிப்பது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. போன வாரம் கடைசிக் கேள்வியாக, "'கடைசி பஸ் போயிடுச்சு' பாட்டின் இரண்டாவது இடையிசையில் 'டொக்... டொடொக்' என்று ஒரு சத்தம் வருகிறதே, அது என்ன வாத்தியம், வாசித்தவர் யார்?" என்று வைத்திருந்தேன். முப்பது வருஷமாகப் பாட்டுப் பைத்தியங்கள் சண்டை போடுகிற விஷயம். விடை எனக்குப் பால் பற்கள் விழுந்த காலத்திலிருந்தே தெரியும்: மரக்கட்டை, வாசித்தவர் என் மாமா. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

கடைசிச் சுற்றில் நின்றவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர். அந்த அம்மாள் பட்டென்று சொன்னார்: "அது வாத்தியமே இல்ல. யாரோ தூங்கி விழுற சத்தம். கடைசி பெஞ்சைக் காதாலேயே காவல் காத்தவ நான். எனக்குத் தெரியாதா?"

தவறு என்று மணி அடித்துவிட்டார்கள். பரிசு ரேடியோப் பெட்டி அடுத்தவருக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த அம்மாள் மேலாளருக்குத் தினம் ஒரு கடிதம், பத்தி பிரித்து, அடிக்கோடு போட்டு எழுதுகிறார். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "ஆதாரம் எங்கம்மா?" என்றார்.

"எங்க மாமா சொன்னாரு சார்."

"எல்லார் வீட்டுலயும்தான் ஒரு மாமா இருக்காரு."

ஆதாரம் கொடுக்காவிட்டால் நான் ஒலிபரப்பில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேள்வி தயாரிக்கிற வேலை அவருடைய மச்சினனுக்குப் போய்விடும். அந்த ஆள் சாக்ஸஃபோன் என்றால் இருமல் மருந்து என்று நினைத்துக்கொண்டிருப்பவர்.

ஒரே ஒரு பக்கம் போதும் மாமா. அன்றைக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் என்ன நடந்தது? ஜரிகை வைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூன் 9

என் செல்ல மருமகளுக்கு,

இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. உன் அத்தை நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "கொதிக்கல, சூடாதான் இருக்கு" என்றாள்.

ஒரு தலைமை ஆசிரியை என் வாசிப்பைத் தூக்கம் என்றாளா? நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். இன்றைக்கும் அந்த இனத்தைச் சாலையில் கண்டால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுவேன். ஆனால் கலை என்று வந்தால் யாருக்கும் பயப்பட மாட்டேன்.

ஜரிகை இல்லாமல் சொல்கிறேன், கேள்.

அந்தக் காலத்தில் கூடத்துக்கு நடுவில் ஒரே ஒரு மைக். இப்போது மாதிரி ஆளுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று கிடையாது. சத்தம் குறைந்தவன் கிட்டே, சத்தம் கூடினவன் எட்டே. பாடகர் மைக்குக்கு முத்தம் கொடுக்கிற தூரத்தில். அவருக்குப் பின்னால் புல்லாங்குழல். அப்புறம் வயலின்காரர்கள் வரிசையாக, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. டிரம்ஸ்காரனை ஒரு மரத்தடுப்புக்குப் பின்னால் அடைத்து வைத்திருப்பார்கள். டிரம்பெட் ஊதுகிறவர்களை வராந்தாவில் சுவரைப் பார்த்து நிற்க வைப்பார்கள், ஏதோ தப்புச் செய்த பையன்கள் மாதிரி. எல்லாரையும் விட எட்டத்தில், கதவோரத்தில், உயரமான ஒரு ஸ்டூலில் நான். ஏன்? என் வாசிப்பின் வீச்சு அப்படி. என்னைக் கிட்டே வைத்தால் மைக் வெடித்துவிடும் என்று ஒலிப்பதிவு இன்ஜினியர் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

காலையில் பாட்டெழுதுகிறவர் சரணம் கிடைக்காமல் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். "என்ன சார் யோசனை?" என்றேன். "கடைசி பஸ் போயிடுச்சுய்யா, அடுத்தது என்ன வர்றதுன்னு தெரியல." "அடுத்த பஸ்தான் சார் வரும்" என்றேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மீதிப் பாட்டு அங்கேயே பிறந்தது.

ஒருவன் தப்பு வாசித்தாலும் பாட்டை மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு தடவை புல்லாங்குழல் தும்மிவிட்டது. ஒரு தடவை பாடகர் வரியை மறந்துவிட்டார். ஒரு தடவை கூரையில் புறா. மதியச் சாப்பாடு முடிந்து, பாடகர் ரயிலுக்குக் கிளம்ப வேண்டிய நேரம். இதுதான் கடைசித் தடவை என்று இசையமைப்பாளர் சொல்லிவிட்டார்.

என் முறை இரண்டாவது இடையிசையில். அதுவரை தாளத்தை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எண்ண எண்ண எனக்கு மனம் ஒருமுகப்பட்டுவிட்டது. கண்கள் தானாக மூடிக்கொண்டன. பெரிய வித்வான்களுக்கெல்லாம் அப்படித்தான் ஆகும். அதற்கு அப்புறம் நான் வாசித்ததை நான் வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன். வாசிப்பு தானாக வந்தது. கண்ணைத் திறந்து பார்க்கிறேன், பாட்டு முடிந்திருக்கிறது. நான் தரையில் விழுந்து வணங்கிய நிலையில் இருக்கிறேன். கூடமே கைதட்டுகிறது. இசையமைப்பாளர் ஓடி வந்து என் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கி, "அடடா, அருமை! வெளியே யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார். கண்ணில் தண்ணீர். சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர், அவ்வளவு சந்தோஷம்.

வாசித்தது மரக்கட்டைதான். கடலில் மூழ்கிய கப்பலின் பாய்மரத்தில் செதுக்கியது. ஒரு கப்பல் தலைவர் என் வாசிப்பைக் கேட்டு மயங்கிக் கொடுத்தார்.

இதை மேலாளரிடம் காட்டு. அந்த அம்மாளிடம் காட்டாதே, திருத்தி அனுப்பிவிடுவாள்.

மாமா


ஜூன் 14

அன்புள்ள மாமாவுக்கு,

காட்டினேன். மேலாளர் இரண்டு தடவை படித்துவிட்டு, "உங்க மாமா நல்லாத் தூங்குவாரா?" என்று மட்டும் கேட்டார்.

கடைசி பஸ்ஸுக்கு அடுத்த பஸ் எது மாமா? அதையாவது சொல்லுங்கள்.

எனக்கு ஆறு வயதானபோது அந்தக் கட்டை யானைத் தந்தம். பத்து வயதில் அரண்மனைப் பியானோவின் கால். இப்போது பாய்மரம். ஒரு கட்டை இத்தனை பிறவி எடுத்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு விஷயம். டிரம்ஸ்காரரைக் கண்டுபிடித்துவிட்டேன். நீங்கள் "டமாரம்" என்பீர்களே, அவர்தான். மகள் வீட்டு மாடியில் இருக்கிறார். உங்கள் பேரைச் சொன்னதும் மேஜையைத் தட்டினார், நல்ல தாளத்தில்.

"உங்க மாமாவா? அந்தப் பாட்டுல அவனுக்குக் குடுத்தது டிரையாங்கிள்மா. கம்பியை வளைச்சு முக்கோணமா இருக்கும்ல, அது. பஸ் கிளம்புறப்ப கண்டக்டர் மணி அடிக்கணும்ல? அந்த 'டிங்' ஒண்ணுதான் அவன் வேலை. ஒரே ஒரு டிங்!"

வந்து பாட்டை மறுபடி போட்டுக் கேட்டேன். உண்மைதான் மாமா. பஸ்ஸைப் பற்றிய பாட்டு, ஹாரன் கூட வருகிறது, மணி மட்டும் இல்லை. மணி வர வேண்டிய இடத்தில்தான் 'டொக்... டொடொக்'.

அது என்ன சத்தம் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. தடுப்புக்குப் பின்னால் இருந்தாராம், காதில் விழுந்ததோடு சரி. பாட்டு ஊரெல்லாம் பரவியதும் ஒவ்வொரு மேடையிலும் அந்த இடம் வந்தால் ஜனங்கள் காத்திருப்பார்களாம். அவர்தான் வாசித்துக் காட்ட வேண்டும். தேங்காய் ஓடு, செருப்பு தைக்கிற மர அச்சு, ஜன்னல் கதவு என்று எதைத் தட்டிப் பார்த்தாலும் அது வரவே இல்லையாம். "முன்வரிசையில ஒருத்தன் எந்திரிச்சு, 'ரிக்கார்டுல மாதிரி இல்லையே'ன்னு கத்துவான். முப்பது வருஷமா கத்துறாங்கம்மா. எப்படிடா பண்ணேன்னு உங்க மாமாகிட்ட கேட்டதுக்கு, 'ஞானம் வேணும்'னான். அன்னிக்கு விட்டேன் பேச்சை."

இப்போது கட்டையை நேரில் காட்டச் சொல்கிறார் மேலாளர். இருக்கிறதா, இல்லையா? விளையாட்டு இல்லை மாமா. நேற்று அவருடைய மச்சினன் என் நாற்காலியில் உட்கார்ந்து உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

உங்கள் மருமகள்


ஜூன் 18

என் தங்க மருமகளுக்கு,

நாற்காலியில் உட்கார்ந்தானா? அந்த மச்சினனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

டமாரம் சொல்வதையெல்லாம் நம்பாதே. அவன் ஒரு பாட்டின் நடுவில் குச்சியைத் தவறவிட்டு, அது பாடகர் பாக்கெட்டில் போய் விழுந்து, அவர் அதைப் பேனா என்று நினைத்து ரசிகருக்குக் கையெழுத்துப் போடப் போனார். இது நடந்ததா என்று கேட்டால், நடந்திருக்கலாம்.

டிரையாங்கிள் என்னிடம் கொடுத்தது வாஸ்தவம். என்னிடம் எல்லா வாத்தியமும் கொடுப்பார்கள். பசிக்கிறவனுக்குச் சோறு கொடுக்கிற மாதிரி. அந்த டிரையாங்கிளைத்தான் உன் அத்தை சமையலறைக் கதவில் மாட்டி வைத்திருக்கிறாள். சாப்பாடு தயார் என்றால் ஒரு 'டிங்'. நான் உடனே போகாவிட்டால் நாலு 'டிங்'.

இத்துடன் பார்சலில் கட்டையை அனுப்பியிருக்கிறேன். பாய்மரத்தில் எஞ்சியது இதுதான். பத்திரம். வெயில் படக் கூடாது. யாரும் மோந்து பார்க்கக் கூடாது.

மாமா


ஜூன் 23

மாமாவுக்கு,

மோந்து பார்த்தோம். வெங்காயம்.

கப்பலில் வெங்காயம் ஏற்றியிருப்பார்களோ என்றுகூட ஒரு நிமிஷம் உங்களுக்காக யோசித்தேன். ஆனால் கத்தி வெட்டு நூறு இருக்கிறது, பின்பக்கத்தில் பாத்திரக்கடை முத்திரை இருக்கிறது. நான் பிரித்துக்கொண்டிருக்கும்போதே அத்தை போன் செய்தார். "உங்க மாமா என் காய் நறுக்குற பலகையை எங்கயோ ஒளிச்சு வச்சிருக்காரும்மா. கேட்டா கலைக்குத் தானம்ங்கிறாரு."

பலகை மேலாளர் மேஜைமேல் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அப்புறம் அவர் ஒரு முடிவு சொன்னார். வருகிற ஐந்தாம் தேதி சனிக்கிழமை நிகழ்ச்சியில் அந்தப் பாட்டை நேரடியாக வாசிக்கப் போகிறார்கள். டமாரம் டிரம்ஸ். நீங்கள் கட்டை. தலைமை ஆசிரியை முதுகைத் திருப்பி உட்கார்ந்து காதால் மட்டும் கேட்பார். அந்தச் சத்தம் ரிக்கார்டில் இருக்கிற மாதிரியே வந்தால் என் விடை சரி, வேலை எனக்கு. வராவிட்டால் அங்கேயே நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு நாற்காலியைக் கொடுத்துவிட வேண்டும்.

வருவீர்களா? இல்லை, முழங்காலா?

சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளிடமும் அந்தப் பாட்டில் டொக் வாசித்தது எங்க மாமா என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். ஒருத்தியோடு தலைமுடியைப் பிடித்துச் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். அது பொய்யாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பெரிய காரியம் இல்லை. அங்கே உங்களை வைத்துக்கொண்டு கேட்பதுதான் கஷ்டம்.

உங்கள் மருமகள்


ஜூன் 28

மருமகளே,

மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். முதல் கடிதத்தில் முழங்கால். இரண்டாவதில் எனக்குக் காய்ச்சல். மூன்றாவதில் நான் செத்தே போயிருந்தேன், உன் அத்தை எழுதுகிற மாதிரி. அவள் அதைப் படித்துவிட்டு, "கையெழுத்து உங்களுது. செத்தவரு நீங்களேதான் எழுதினீங்களா? என் பலகை வரணும். போய் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

"போயி என்னடி வாசிப்பேன்?" என்றேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

"அன்னிக்கு என்ன வாசிச்சீங்களோ அதை."

அதுதானே எனக்கு... சரி, விடு. சத்தியமாகச் சொல்கிறேன், எல்லாரும் கைதட்டினார்கள். இசையமைப்பாளர் என்னைத்தான் தூக்கினார், வேறு யாரையும் தூக்கவில்லை. அது மட்டும் தந்தமும் இல்லை, பாய்மரமும் இல்லை. நடந்தது. நான் இல்லாமல் அந்தச் சத்தம் வந்திருக்காது என்று என் எலும்புக்குத் தெரியும்.

வருகிறேன். இரண்டு நிபந்தனை. ஒன்று, அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே எல்லாருக்கும் கடைசியில், கதவோரத்தில், உயரமான ஸ்டூல் வேண்டும். இரண்டு, அந்த அம்மாள் என்னைக் கேள்வி கேட்கக் கூடாது.

உன் அத்தை டிரையாங்கிளைக் கதவிலிருந்து கழற்றி, கயிறு கட்டி என் கழுத்தில் மாட்டிவிட்டிருக்கிறாள். "கட்டை வரலைன்னா இதையாவது அடிங்க. ஒரு வேலையைக் குடுத்தாங்கள்ல, அதை முடிச்சுட்டு வாங்க" என்கிறாள். இவளுக்கு இசையைப் பற்றி என்ன தெரியும்?

மாமா


ஜூலை 8

அன்புள்ள மாமாவுக்கு,

வீக்கம் வடிந்ததா? அத்தை ஒத்தடம் கொடுப்பதாகச் சொன்னார். நீங்கள் அதைப் பக்கத்து வீட்டில் போர்க்காயம் என்று சொல்லிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

சனிக்கிழமை என்ன நடந்தது என்று எழுதுகிறேன். நீங்களும் அங்கே இருந்தீர்கள்தான், ஆனால் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

பஸ்ஸில் வழியெல்லாம் கண் மூடாமல் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கப்பல் கதை சொல்லிக்கொண்டு வந்தீர்களாம். அவரும் உங்களோடேயே இறங்கி, கதையின் முடிவைக் கேட்க நிலையம் வரைக்கும் வந்துவிட்டார். பாட்டு ஆரம்பித்தது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். எல்லாரும் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள். உங்களைப் பார்க்க முடிந்தது நான் ஒருத்திதான். முதல் சரணத்தில் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அப்புறம் உதடு நின்றுவிட்டது. தலை சாய்ந்தது. மடியிலிருந்த பலகை சரிந்து உங்கள் பைமேல் சத்தமில்லாமல் விழுந்தது. கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே கேட்காது.

முடிந்தது, நாற்காலி போயிற்று என்று நினைத்தேன்.

இரண்டாவது இடையிசை. மூன்று கால் ஸ்டூலின் ஒரு கால் தூக்கித் தரையில் மோதியது. டொக். நீங்கள் தூக்கத்திலேயே சமாளித்துக்கொள்ளப் பார்த்தீர்கள். மற்ற இரண்டு கால்களும், டொடொக். அப்புறம் நீங்கள்.

மாமா, அதே சத்தம். கொஞ்சம்கூடப் பிசகாமல் அதே இடத்தில் அதே சத்தம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. டமாரம் வாசிப்பதை விட்டுவிட்டு எழுந்து, நேரடி ஒலிபரப்பு என்பதையே மறந்து கத்தினார்: "இதுதான்! இதேதான்! அடப்பாவி, ஸ்டூலா? தேங்காய் ஓடு, செருப்பு, ஜன்னலு... ஸ்டூலைத் தட்டிப் பாக்கணும்னு தோணலையே எனக்கு!"

நீங்கள் விழுந்த வேகத்தில் கழுத்திலிருந்த டிரையாங்கிள் உங்களுக்கென்று வைத்திருந்த மைக்கின் கம்பியில் பட்டு 'டிங்' என்றது. சுத்தமான ஒரே ஒரு டிங். டமாரம்தான், கண்டக்டர் மாதிரி, "போலாம், ரைட்!" என்றார். அதற்கு அப்புறம் கூடத்தில் கைதட்டு அடங்கவே இல்லை. நீங்கள் கண்ணைத் திறந்து, எழுந்து, எல்லாருக்கும் வணக்கம் வைத்தீர்கள்.

தலைமை ஆசிரியை மைக்குக்கு வந்து, "நான் சொன்னது சரியா, தப்பா?" என்று மேலாளரைக் கேட்டார். ரேடியோப் பெட்டி ஒன்று அவருக்கும் கொடுத்துவிட்டார்கள். உங்களைப் பற்றி அவர் சொன்னதை எழுதவா? "நல்ல பையன். கடைசி பெஞ்சுல போட்டிருக்கக் கூடாது."

நாற்காலி எனக்குத்தான். மச்சினனை டிரம்பெட் துடைக்கிற வேலையில் போட்டிருக்கிறார்கள்.

இப்போது கேள்வி அட்டையில் விடையைத் திருத்தி எழுத வேண்டும். "ஸ்டூல்" என்று போடப் போகிறேன். பெயர் உங்கள் பெயர்தான். சம்மதமா?

உங்கள் மருமகள்

பி.கு.: பலகையை டமாரத்திடம் கொடுத்து அனுப்புகிறேன். அங்கே வரப் போவதாக அவரே சொன்னார்.


ஜூலை 15

என் உயிர் மருமகளுக்கு,

சம்மதமா என்று என்ன கேள்வி? ஸ்டூல் எதில் செய்தது? மரத்தில். நான் ஆதியிலிருந்து என்ன சொன்னேன்? மரக்கட்டை என்றுதானே? தேவையில்லாமல் எல்லாரும் என்னைச் சந்தேகப்பட்டீர்கள்.

தூங்கினேன் என்று நீ எழுதியதை மட்டும் உன் வயதை நினைத்து மன்னிக்கிறேன். கண்ணை மூடியிருந்தால் தூக்கம் என்று அர்த்தமா? சரியான தாளத்தில், சரியான கோணத்தில், மூன்று காலையும் முறை வைத்துத் தட்டி, கடைசியில் மணியையும் அடித்து முடிப்பதென்றால் எத்தனை வருஷ சாதகம் வேண்டும்! முதல் தடவை மணி அடிக்காமல் விட்டதுகூட, இன்றைக்கு அடிக்க வேண்டும் என்பதற்காகத்தான். உன் அத்தைக்கு இது புரியவில்லை. "அன்னிக்கும் தூக்கம், இன்னிக்கும் தூக்கம். நடுவுல முப்பது வருஷம் பேச்சு" என்கிறாள்.

டமாரம் முந்தாநாள் வந்து சேர்ந்தான். வாசலில் நின்று என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அவன் பலகையை நீட்டினான். உன் அத்தை ஓடி வந்து வாங்கிக்கொண்டு அவனைச் சாப்பிடச் சொல்லிவிட்டாள். அதோடு சமாதானம் ஆகிவிட்டது.

இரண்டு நாளாக என்னிடம் பாடம் கேட்கிறான். "எப்படி விழணும்னு சொல்லிக்குடுடா" என்று கெஞ்சல். அடுத்த மாதம் உங்கள் நிலையத்தில் அவன் வாசிக்க வேண்டுமாம். ஸ்டூலில் உட்கார வைத்து எண்ணச் சொன்னேன். பாவம், அவன் டிரம்ஸ்காரன் இல்லையா, எண்ண எண்ண முழிப்புதான் வருகிறது. இதெல்லாம் பிறவியிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

இப்போது இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு மறுபடி ஸ்டூலில் ஏறியிருக்கிறான். உதடு நின்றுவிட்டது. தலை லேசாகச் சாய்கிறது. உன் அத்தை கையில் டிரையாங்கிளோடு கதவோரம் தயாராக நிற்கிறாள், என்னைப் பார்த்து வாயை மூடச் சொல்லிச் சைகை காட்டுகிறாள். கடிதத்தை இத்துடன் நிறுத்துகிறேன். விழும்போது பக்கத்தில் இருந்து கண்ணால் பார்க்க ஒரு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு இவன் ஊரெல்லாம் போய் என்னென்ன கதை விடுவானோ!

மாமா